ராணி எருமைக்கு மாமன்

அந்தப் பொங்கலை வாயில் போட்டதும் என் நாக்கு திகைத்துப்போய் நின்றுவிட்டது.

மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு புங்கமரத்து நிழலில் ஆட்டோவை நிறுத்தியிருந்தேன். ஆஷாட மாதத்து வெள்ளிக்கிழமை, நம்ம ஆடி வெள்ளி மாதிரி. ஊரில் பாதிப் பேர் சாமுண்டி மலையில் இருந்தார்கள். வாழையிலைத் துண்டில் சுடச்சுட வெண்பொங்கல். நெய் மணக்கிறது, மிளகு கண்ணில் படுகிறது, இஞ்சி பல்லில் படுகிறது. உப்பு மட்டும் இல்லை.

கொண்டுவந்து கொடுத்த ராஜாமணி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். துப்பவும் முடியவில்லை.

“உப்புப் போட மறந்துட்டியே அம்மணி” என்றேன்.

“மறக்கலீங்கண்ணா. போடக் கூடாதுங். விரதம்.”

“யாருக்கு?”

“எனக்கு வெள்ளிக்கிழமை மட்டுமுங். ராணிக்கு எல்லா நாளும்.”

ராணி என்பது அவளுடைய எருமை. அந்த நேரத்தில் எதிர்வீட்டு வாசலில் வாழைப்பழத் தோல் தின்றுகொண்டிருந்தது. அரண்மனை இருக்கிற ஊரில் எருமைக்கு ராணி என்று பேர் வைக்க ஒரு தைரியம் வேண்டும். ராஜாமணிக்கு அது இருந்தது.

இரண்டு மாதமாக ஒரு டாக்டரம்மா தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த கேள்விக்கு, அந்த ஒரு வாய்ப் பொங்கலில் பதில் கிடைத்துவிட்டது. அது என்ன கேள்வி என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ரிவர்ஸ் கியர் போடாமல் எனக்குக் கதை சொல்ல வராது என்பது இத்தனை வாரம் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஐஸ் பெட்டிச் சவாரி

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தேவராஜ மொஹல்லாவில் மார்க்கெட் பக்கத்து ஸ்டாண்டில் என் ஆட்டோ நிற்கும். ஹனூர்ப் பக்கம் ராமாபுரத்தில் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவன் நான். மீதிப் பாடத்தையெல்லாம் பின்சீட்டில் உட்கார்ந்தவர்கள்தான் நடத்தினார்கள். வக்கீல் ஏறினால் சட்டம், பூக்காரம்மா ஏறினால் ஊர் நியாயம். யார் நன்றாக ஒன்று சொன்னாலும் இறங்குவதற்குள் மனசில் போட்டுக்கொள்வேன்.

ஒருநாள் ஓர் இளம்பெண், கையில் ஐஸ் பெட்டியோடு வந்து நின்றார். சைக்கிளில் குச்சி ஐஸ் விற்பவர்கள் வைத்திருக்கிற மாதிரிப் பெட்டி. “குழியில் இறக்காமல் ஓட்டுவீர்களா?” என்று கன்னடத்தில் கேட்டார். “குழி இல்லாத ரோடு காட்டினால் ஓட்டுகிறேன்” என்றேன். சிரித்துக்கொண்டே ஏறினார்.

பேர் வனஜா. தார்வாட் பக்கம். நம்ம ‘ங்க’ மாதிரி வாக்கியத்துக்கு ஒரு ‘ரீ’ போட்டுத்தான் பேசுவார். கால்நடை மருத்துவம் படித்து முடித்து, மேல்படிப்புக்காக ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கன்று போட்டு மாதக்கணக்காகியும் பருவத்துக்கு வராத எருமைகளைத் தேடிப் பிடித்து, ஏன் வரவில்லை என்று பார்ப்பது அவர் வேலை. பெட்டிக்குள் இருந்தது அந்த எருமைகளின் ரத்தம்.

மைசூரில் எருமை வைத்திருந்த தமிழ்க் குடும்பங்களை எனக்குத் தெரியும். கொள்ளேகால், ஹனூர்ப் பக்கத்து ஆட்கள் என்றால் வீட்டுக்குள்ளேயே போய்விடுவேன். அதனால் நானே டிரைவர், நானே வழிகாட்டி, அவர் கன்னடமும் இவர்கள் தமிழும் முட்டிக்கொள்கிற இடத்தில் நானே மொழிபெயர்ப்பாளன்.

ஹார்மோன் என்றால் என்ன என்று முதல் நாளே கேட்டுவிட்டேன். அவர் சொன்னதை என் பாஷையில் இப்படிப் புரிந்துகொண்டேன்: ஹார்மோன் என்பது ஆட்டோவில் ஸ்டார்ட் பண்ண இழுக்கிற கைப்பிடி. ரத்தத்தில் இருக்கிற சத்து பெட்ரோல். டேங்க் காலியாக இருந்தால் கைப்பிடியை எத்தனை இழுத்தாலும் தோள்பட்டை வலிதான் மிச்சம்.

அதைக் கேட்டு டாக்டரம்மா ஐஸ் பெட்டி மேல் தட்டிச் சிரித்தார். பரீட்சையில் இப்படி எழுதினால் மார்க் போடமாட்டார்கள், ஆனால் விஷயம் இதுதான் என்றார்.

ராணி நின்ற நேரம்

ராஜாமணி வீட்டுக்கு அப்படித்தான் போனோம். புருஷன் முனியப்பன் கட்டட மேஸ்திரி. ராஜாமணி தினம் காலையில் ராணியை ஓட்டிக்கொண்டு அக்ரஹாரத்துத் தெருக்களில் போவாள். வாடிக்கைக்காரர் வாசலிலேயே, அவர்கள் கண் முன்னால் கறந்து கொடுப்பாள். தண்ணீர் கலந்துவிட்டாய் என்று யாரும் பேச முடியாது. கறக்கிற வீட்டில் ராணிக்கு அரிசி கழுவின தண்ணீரும் பழத்தோலும் கிடைக்கும்.

ஆனால் கன்று போட்டு ஏழெட்டு மாதம் தாண்டியும் ராணி பருவத்துக்கு வரவில்லை. பால் இறங்கிக்கொண்டே வந்தது. முனியப்பன் கெட்டவன் இல்லை. அவன் கணக்கு அவனுக்கு. கார்த்திகை தீபம் வரைக்கும் பார்ப்பது, அதற்குள் சினை நிற்காவிட்டால் வியாபாரிக்குக் கொடுத்துவிடுவது என்று சொல்லிவிட்டான். வியாபாரி வாங்கினால் எங்கே ஓட்டிக்கொண்டு போவான் என்பது ராஜாமணிக்குத் தெரியும். வாயால் சொல்லமாட்டாள்.

முதல்முறை ரத்தம் எடுக்கப் போனபோது ராணி எங்கள் மூன்று பேரையும் சுற்றிவந்தது. கழுத்தில் ஊசி போக வேண்டும். தலையை ஆட்டுகிறது, காலை மாற்றுகிறது. நான் போய் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, காதோரம் சொறிந்துகொண்டே முந்தின நாள் பின்சீட்டில் கேட்ட ஒரு குடும்பச் சண்டையைச் சொல்ல ஆரம்பித்தேன். ராணி அசையாமல் நின்றது. ரத்தம் எடுத்து முடிந்தும் நின்றது. சண்டை முடியவில்லையே.

“பாருங், அண்ணன் புடிச்சா நிக்கறா. நான் உங்களை அண்ணாங்கறேன். அப்ப அவளுக்கு நீங்க மாமன்தானுங்” என்றாள் ராஜாமணி.

விளையாட்டாகச் சொன்னதுதான். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். அந்தத் தலையாட்டல் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று இனிமேல்தான் சொல்லப்போகிறேன்.

கரிக்கிற தூள்

ரத்தம் கண்ணாடிக் குழாயில் உறைந்ததும் மேலே தெளிந்த நீர் நிற்கும். அதில்தான் சோதனை. ராணிக்குப் பாஸ்பரஸ் குறைவு, சர்க்கரை குறைவு, செம்பும் குறைவு. வைக்கோலும் கழுநீரும் வயிற்றை நிரப்பும், ரத்தத்தை நிரப்பாது என்றார் டாக்டரம்மா. சத்துத்தூள் ஒரு டப்பா கொடுத்தார். தவிட்டில் கலந்து தினம் வைக்க வேண்டும். கூடவே கொஞ்சம் புண்ணாக்கு. சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்ப்பது, சத்து ஏறியிருந்தால் ஹார்மோன் சிகிச்சை.

மறுபடி பார்த்தோம். சர்க்கரை கொஞ்சம் தேவலை. பாஸ்பரஸ் அப்படியே இருந்தது. செம்பும் அப்படியே.

டாக்டரம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. தூள் வைத்தாயா என்று ராஜாமணியைக் கேட்டால், டப்பா பத்திரமாக இருக்கிறது என்று பதில் வருகிறது. அந்தப் பதிலை நாங்கள் இரண்டு பேருமே சரியாகக் கவனிக்கவில்லை. திரும்பி வந்தோம். மார்க்கெட் வந்ததும் சொன்னார்: ஹார்மோன் மருந்து கையில் கொஞ்சம்தான் இருக்கிறது, சத்து ஏறாத மாட்டுக்கு அதை வீணாக்க முடியாது, ராணியை விட்டுவிட்டு வேறு எருமை பார்க்கலாம்.

அந்த வாரம்தான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. பொங்கலும் வந்தது.

நடந்தது இதுதான். டாக்டரம்மா டப்பாவைக் கொடுத்த அதே வாரம் ராஜாமணி சாமுண்டி மலைப் படியேறி வேண்டிக்கொண்டிருக்கிறாள். ராணி சினையாகிறவரை, தான் வெள்ளிக்கிழமைகளில் உப்பில்லாமல் சாப்பிடுவது. பலன் ராணிக்குத்தானே, அதனால் ராணி எல்லா நாளும் உப்பில்லாமல் இருப்பது. வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்து, தூளை நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறாள். கரித்தது.

அவ்வளவுதான். மூடியைப் போட்டு, டப்பாவுக்குக் குங்குமம் வைத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். ராணி சினையாகி விரதம் முடிந்ததும் மொத்தமாகக் கொடுத்துவிடலாம் என்று.

எந்தத் தூள் இல்லாவிட்டால் சினையே ஆகாதோ, அந்தத் தூள் சினைக்காகப் பூஜையறையில் உட்கார்ந்திருந்தது.

வெள்ளைப் பூவா, சிவப்புப் பூவா

மறுநாள் டாக்டரம்மாவை ராஜாமணி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், குங்குமப் பொட்டோடு டப்பாவைக் காட்டினேன். பார்த்தார். என்னைப் பார்த்தார். துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். ராஜாமணிக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்து முடித்தும் அவள் டப்பாவை எடுக்கவில்லை.

“மருந்துன்னு நினைச்சுக் குடுக்கச் சொல்லுங்க” என்றார் டாக்டரம்மா.

நான் தமிழில் சொன்னேன்.

“மருந்துன்னாக் கசக்கோணுமுங். இது கரிக்குது” என்றாள் ராஜாமணி.

இதற்குப் பதில் எந்தக் காலேஜிலும் சொல்லிக்கொடுக்கவில்லை. டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார். வேண்டிக்கொண்டது வேண்டிக்கொண்டதுதான், நடுவில் முறித்தால் ராணிக்கே கெடுதல் என்று ராஜாமணி நம்பினாள். அவள் பயம் விளையாட்டு இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒருவர் விரதத்தை அவருக்காக இன்னொருவர் இருப்பது உண்டு. உடம்பு முடியாத பிள்ளைக்காக அம்மா இருப்பாள், அப்பா இருப்பார். இல்லாவிட்டால் தாய்மாமன்.

இது ஞாபகம் வந்ததும் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் வாயை மூடிக்கொள்வது எனக்குப் பழக்கம் இல்லையே.

“ராணி பங்கை மாமன் எடுத்துக்கலாமா?” என்று கேட்டேன்.

ராஜாமணி யோசித்தாள். அம்மனைக் கேட்க வேண்டும் என்றாள். தெருக்கோடியில் ஒரு சின்ன மாரியம்மன் கோயில். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், இரண்டும் ஒரே மாதிரி இலையில் கட்டி அம்மன் காலடியில் போட்டார் பூசாரி. வெள்ளை வந்தால் சம்மதம். எடுக்கிற கை விஷயத்தில் ஒட்டாத கையாக இருக்க வேண்டும் என்றார். சுற்றிப் பார்த்தார். ஐஸ் பெட்டியோடு நின்ற டாக்டரம்மாவைக் கூப்பிட்டார்.

ஒட்டாத கையா அது? அவர் ஆராய்ச்சியே அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கையை மெதுவாக நீட்டி ஒன்றை எடுத்தார்.

பிரித்தால் மல்லிகை.

அப்புறம் பேரம். ராணிக்குத் தூள் ஒரு வேளைதான் வைக்கப்போகிறார்கள், அதனால் எனக்கும் ஒரு வேளை போதும் என்று வாதாடினேன். ராஜாமணி ஒத்துக்கொண்டாள். ராணி சினை நிற்கிறவரை, என் மத்தியானச் சாப்பாடு உப்பில்லாமல்.

மெஸ்ஸில் ஒரு துக்க முகம்

ஸ்டாண்டில் என் பேரே மாறிவிட்டது. ‘மாமா’ என்றுதான் கூப்பிட்டார்கள். “மருமக எப்படி இருக்கா மாமா?” என்று சவாரி நடுவில் நிறுத்திக் கேட்பான் ஒருவன்.

நான் சாப்பிடுகிற மெஸ்காரர் நல்ல மனுஷர். பருப்பில் உப்புப் போடுவதற்கு முன்னால் எனக்கென்று ஒரு கரண்டி எடுத்து வைப்பார். சோறு, அந்தப் பருப்பு, தயிர். ஊறுகாய்ப் பக்கம் கண்ணைக் கொண்டுபோகக் கூடாது. ஒருநாள் பக்கத்தில் வந்து நின்று சொன்னார்: “அண்ணே, உங்க எருமை சீக்கிரம் சினையாகட்டும். உள்ள வர்றவங்க உங்க மூஞ்சியப் பாத்துட்டு, இங்க சாப்பாடு நல்லா இருக்காது போலன்னு வெளிய போறாங்க.”

ராணியோ டப்பாவைக் கண்டால் நாக்கை நீட்டுகிற அளவுக்கு வந்துவிட்டது. மூன்றாவது முறை ரத்தம் எடுத்தபோது பாஸ்பரஸ் ஏறியிருந்தது, செம்பும் ஏறியிருந்தது. ரோமத்தில்கூட ஒரு மினுமினுப்பு. இப்போது கைப்பிடியை இழுக்கலாம் என்றார் டாக்டரம்மா, என் பாஷையிலேயே.

காதுகுத்து

அந்த ஹார்மோன், தீக்குச்சியில் பாதி நீளத்துக்கு ஒரு சின்னக் குச்சி. காதின் பின்பக்கம் தோலுக்கடியில் வைப்பார்கள். மருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் இறங்கும். பத்து நாள் போலக் கழித்து அதை எடுத்துவிட்டு, ஓர் ஊசி. அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாளில் பருவம் வர வேண்டும்.

காதில் குத்தப்போகிறார்கள் என்று மட்டும் ராஜாமணியிடம் சொல்லியிருந்தேன். போய்ப் பார்த்தால் தட்டில் தேங்காய், வெல்லம், வெற்றிலை. பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேர் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். காதுகுத்து என்றால் சும்மாவா? மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்.

ராணியை மடியில் வைத்தால் நான் இந்தத் தொடரை எழுத இருந்திருக்கமாட்டேன். கடைசியில் கல்லில் நான் உட்கார்ந்துகொள்ள, ராணியின் தாடையை என் தொடைமேல் தூக்கி வைத்தார்கள். அதுவே ஒரு மூட்டை சிமெண்ட் கனம். டாக்டரம்மா குத்தினார். பெண்கள் குலவை போட்டார்கள். டாக்டரம்மா பயந்துபோய், ஏதாவது தப்பாகிவிட்டதா என்று கேட்டார். நன்றாக நடந்தால் இப்படித்தான் சத்தம் போடுவோம் என்று விளக்கினேன்.

மாமன் சீர் என்ன என்று முனியப்பன் கேட்டான். புதுக் கயிறு ஒன்றும் கழுத்துக்கு ஒரு மணியும் வாங்கிக் கொடுத்தேன். அவன் சிரித்தான். ஆனால் “தீபம் வரைக்குந்தானுங்கண்ணா” என்று அப்போதும் சொன்னான்.

ஊரே யானையைப் பார்த்தது

எருமைக்குப் பருவம் வந்தால் பசு மாதிரி ஊரைக் கூட்டிக் கத்தாது. சில எருமைகள் மூச்சே விடாது. ஊமைப் பருவம் என்பார்கள். குச்சியை எடுத்து ஊசி போட்ட பிறகு ராஜாமணி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். மூன்றாம் நாள் காலையில் அக்ரஹாரத்தில், எப்போதும் மரம் மாதிரி நிற்கிற ராணி பால் விடமாட்டேன் என்றது. வாலைத் தூக்கியது. கண்ணாடி நூல் மாதிரி திரவம் தொங்கியது. எதிர்வீட்டு மாமி சொம்போடு நின்று, “இன்னிக்கு என்னடி இவளுக்குக் கோவம்?” என்று கேட்டாராம். அந்த மாமி வீட்டிலிருந்தே ஸ்டாண்டுப் பக்கத்துக் கடைக்குப் போன் வந்தது.

டாக்டரம்மாவை ஏற்றிக்கொண்டு நான் ஓட்டிய ஓட்டம், பிரசவத்துக்குக்கூட அப்படி ஓட்டியதில்லை. சினை ஊசி போட்டாயிற்று.

அதற்குப் பிறகுதான் கஷ்டம். மூன்று வாரத்தில் மறுபடி பருவம் திரும்பினால் எல்லாம் போச்சு. அந்த மூன்று வாரத்துக்குள் தசரா வந்தது. யானை ஊர்வலம் போகிற ஜம்பூ சவாரி நாளில் ஊரே யானையைப் பார்த்தது. நான் ராஜாமணி வீட்டுக்குப் போய் எருமையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராணி என்னைப் பார்த்து அசைபோட்டது. வேறு ஒன்றும் செய்யவில்லை. எனக்கு வேண்டியதும் அந்த ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான்.

கையுறை

சினை பார்க்கிற நாள் வந்தது. தீபத்துக்கு இன்னும் ஓரிரு நாள்தான். காலையில் ஒரு ஓட்டலில் நிறுத்தினேன். டாக்டரம்மாவுக்கு உப்பிட்டு, அதாவது நம்ம உப்புமா, என்றால் உயிர். அன்றைக்குத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டார். வயிறு சரியில்லையா என்றேன். இல்லை என்று ஜன்னலைப் பார்த்தார்.

ராஜாமணி வீட்டு வாசலில் வியாபாரி வந்து நின்றிருந்தார். முனியப்பன்தான் வரச் சொல்லியிருந்தான். தோளில் கயிறு. மரியாதையான மனுஷர். ஒதுங்கி நின்றுகொண்டார்.

டாக்டரம்மா தோள்வரை கையுறை மாட்டி, சோப்புத் தண்ணீர் தடவி, உள்ளே கைவிட்டார். உள்ளே தேடும்போது அவர் கண் எங்கேயோ வானத்தில் இருக்கும். நான் ராணியின் காதைச் சொறிந்துகொண்டு நின்றேன். ஒரு கோர்ட் குமாஸ்தா ஒருமுறை என் வண்டியில் சொன்னார், வெயிட்டிங் சார்ஜ் போட முடியாத காத்திருப்புதான் பெரிய காத்திருப்பு என்று. அன்றைக்குத்தான் அது புரிந்தது. ராஜாமணி கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்க்கவில்லை. வியாபாரி தோளில் இருந்த கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வானத்திலிருந்து டாக்டரம்மாவின் கண் இறங்கியது.

“ஐத்ரீ” என்றார்.

இருக்கிறது.

முனியப்பன் வியாபாரி பக்கம் திரும்பி, “டீ குடிச்சுட்டுப் போலாம் வாங்” என்றான். அவரும் கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, நல்லா இருக்கட்டும் என்று ராணியைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவனோடு நடந்தார்.

ராஜாமணி உள்ளே ஓடினாள். பொங்கல் கொண்டுவரப் போகிறாள் என்று நினைத்தேன். உப்பு ஜாடியைக் கொண்டுவந்தாள்.

“மாமன் மொதல்ல” என்று என் உள்ளங்கையில் நாலு கல்லுப்பு வைத்தாள்.

கையுறையைக் கழற்றிக் கழுவிக்கொண்டு வந்த டாக்டரம்மா, தன் கையையும் என் கைக்குப் பக்கத்தில் நீட்டினார்.

“உங்களுக்கு எதுக்குங்?” என்றாள் ராஜாமணி.

டாக்டரம்மா என்னிடம் கன்னடத்தில், ரொம்ப மெதுவாகச் சொன்னார்: “ஒரு வாரமாக நானும் உப்பை விட்டிருக்கிறேன் ரீ. எங்க புரொபசர்கிட்டச் சொல்லிடாதீங்க.”

ராஜாமணிக்கு அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அவளுக்குத் தேவையும் படவில்லை. அந்தக் கையிலும் நாலு கல் வைத்தாள்.

நாங்கள் இரண்டு பேரும் வாயில் போட்டுக்கொள்வதற்குள், நடுவில் ஒரு பெரிய கறுத்த தலை நுழைந்தது. மணி குலுங்க, கரகரவென்ற நாக்கால் என் கையை ஒரு நக்கு, டாக்டரம்மா கையை ஒரு நக்கு. உப்பு போயிற்று.

ராணி இன்னும் வேண்டும் என்று ஜாடியைப் பார்த்தது.